கரண்ட் டிரான்ஸ்பார்மர் (சி.டி.): நீலகிரி பேனல் அறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும், கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் இடங்களிலும் பேனல் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. தொழிற்சாலை மேனேஜர்களும் சிலவற்றைக் கேட்பதுண்டு, பெரும்பாலும் கரண்ட் பில் வந்த வாரத்தில். இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகப் பேனலைத் திறக்க வேண்டாம். மின் உரிம வாரியத்தின் சான்றிதழ் வைத்திருப்பவர்தான் கை வைக்க வேண்டும், அவர் கூடவும் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

பஸ்பாரில் (பேனலுக்குள் பெரிய கரண்ட்டைக் கொண்டுபோகும் உலோகப் பட்டை) மாட்டியிருக்கும் கறுப்பு வளையம் எதற்கு?

அதுதான் சி.டி. உங்கள் தொழிற்சாலை முழு லோடில் 150 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ஆம்பியரையும் மீட்டருக்குள் விட வேண்டுமானால் மீட்டரே ஒரு பெட்டி அளவுக்கு வந்துவிடும். அதனால் பெரிய கரண்ட்டை அதே விகிதத்தில் குறைத்து 5 ஆம்பியருக்குள் (சில இடங்களில் 1 ஆம்பியருக்குள்) கொண்டுவந்து மீட்டர், அம்மீட்டர், ரிலே (பழுது வந்தால் லைனை நிறுத்தச் சொல்லும் கருவி) எல்லாவற்றுக்கும் கொடுக்கிறார்கள். ஹெச்டி (உயர் அழுத்த) பக்கத்தில் இன்னொரு பயனும் உண்டு. 11,000 வோல்ட் லைனுக்கும் மீட்டர் பார்க்கும் மனிதனுக்கும் நடுவில் இன்சுலேஷனாக நிற்பது சி.டி.தான்.

சாதாரண டிரான்ஸ்பார்மர் மாதிரிதானே வேலை செய்கிறது?

தத்துவம் ஒன்றுதான், குணம் வேறு. சாதாரண டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக்கு (கரண்ட் உள்ளே வரும் பக்கத்துச் சுற்று) நாம் கொடுப்பது வோல்டேஜ். கரண்ட் எவ்வளவு ஓடும் என்பது செகண்டரியில் (வெளியே எடுக்கும் பக்கத்துச் சுற்று) மாட்டும் லோடைப் பொறுத்தது. லோடு இல்லையென்றால் அது பேசாமல் இருக்கும். சி.டி.யின் பிரைமரி என்பது உங்கள் மெயின் லைனேதான், பஸ்பார் அந்த வளையத்துக்குள் ஒருமுறை நுழைந்து போகிறது, அவ்வளவுதான். அதில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது சிடிசி (இலையை நசுக்கிச் சுருட்டும் மெஷின்) மோட்டாரும் வாட்டும் அறை ஃபேனும். சி.டி.யின் செகண்டரியில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பது அந்தக் கரண்ட்டுக்குத் தெரியவும் தெரியாது.

200/5 சி.டி.யை எடுத்துக்கொள்வோம். பிரைமரி ஒரு சுற்று, செகண்டரி 40 சுற்று. பிரைமரியில் 200 ஆம்பியர் ஓடினால் 200 ஆம்பியர்-சுற்று. செகண்டரியில் 5 ஆம்பியர், 40 சுற்று, அதுவும் 200. இரண்டும் எதிரெதிர் திசையில் தள்ளுகின்றன, தராசின் இரண்டு தட்டு மாதிரி. மிச்சமிருக்கும் மிகச் சிறிய வித்தியாசம் மட்டுமே கோரை (சுற்றுகளுக்கு உள்ளே இருக்கும் இரும்பு வளையம்) காந்தமாக்குகிறது. நல்ல சி.டி.யில் அந்த வித்தியாசம் முழு கரண்ட்டில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கும். சி.டி. காட்டும் பிழை என்பது பெரும்பாலும் அந்த வித்தியாசம்தான்.

செகண்டரியை ஓப்பனாக விடக் கூடாது என்கிறார்கள். விட்டால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மேலே சொன்ன தராசில் ஒரு தட்டை எடுத்துவிட்டால்? செகண்டரியில் கரண்ட் ஓட வழியில்லை, ஆனால் பிரைமரியில் 200 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த 200 ஆம்பியர்-சுற்று முழுவதும் கோரை காந்தமாக்கும் வேலைக்கு இறங்கிவிடுகிறது. கோர் நிறைந்து, அதாவது சாச்சுரேட் ஆகி, ஒரு பக்கம் முட்டி நிற்கும். ஏசி கரண்ட் பூஜ்யத்தைக் கடந்து திசை மாறும் கணத்தில் கோரின் காந்தம் ஒரு எல்லையிலிருந்து எதிர் எல்லைக்கு ஒரே தாவாகத் தாவும். காந்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்டேஜ் செகண்டரியில் எழும். விளைவு, ஊசி முனை மாதிரியான வோல்டேஜ் குத்துகள், 50 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 100 தடவை. சின்ன கோர் என்றால் நூற்றுக்கணக்கான வோல்ட், பெரிய கோரும் அதிகச் சுற்றும் உள்ள சி.டி. என்றால் ஆயிரக்கணக்கான வோல்ட். இதை மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்க்கலாமே என்று யாரும் இறங்க வேண்டாம். குத்து மிகக் குறுகலானது என்பதால் சாதாரண மீட்டர் குறைத்துத்தான் காட்டும், அந்த வோல்டேஜைத் தாங்கவும் அது செய்யப்படவில்லை.

நம் கைப்பழக்கமே இங்கே எதிரி. வீட்டில் ஒரு லைட்டைக் கழற்றினால் இரண்டு வயரையும் தனித்தனியாக டேப் சுற்றி விடுகிறோம். அது சரியான வேலை. ஷார்ட் செய்தால்தான் ஆபத்து. சி.டி.யில் அப்படியே தலைகீழ்: ஷார்ட் செய்தால் பத்திரம், தனித்தனியாக விட்டால் ஆபத்து.

கோத்தகிரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் பார்த்தது. ஃபேன் பேனலின் அம்மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. கழற்றியவர் நல்ல வேலைக்காரர்தான், இரண்டு வயர் முனைக்கும் அழகாக இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக மடித்து வைத்திருந்தார். சாயங்காலம் இலை வந்து ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்ததும் பேனலிலிருந்து ஓர் உறுமல். ஃபேன் கூடக் கூட உறுமலும் கூடியது. லைனை நிறுத்திக் கதவைத் திறந்தபோது டேப் உருகி இளகியிருந்தது. ஒரு லக்கிலிருந்து (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) பேனல் ஃபிரேம் வரை பென்சிலால் இழுத்த மாதிரி கரிக்கோடு. வோல்டேஜ் டேப்பைத் துளைத்து ஃபிரேமுக்குத் தாவியிருக்கிறது. நடுவில் யாருடைய கையும் இல்லாதது அதிர்ஷ்டம்.

ஓப்பன் ஆகியிருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மோட்டார் ஓடுகிறது, ஒரு பேஸில் மட்டும் அம்மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. இதுதான் முதல் அடையாளம். அடுத்தது சத்தம், லோடு ஏற ஏற அதுவும் ஏறும். அப்புறம் கருகல் வாசனை. இன்றைய எலக்ட்ரானிக் மீட்டர்கள் சி.டி. ஓப்பன், சி.டி. ரிவர்ஸ் என்று நிகழ்வாகவே பதிவு செய்துவிடும்.

காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். லக் சரியாக கிரிம்ப் ஆகாமல் சிடிசி மெஷினின் அதிர்வில் தளர்வது, எலி வயரைக் கடிப்பது, டெர்மினல் ஸ்க்ரூ துருப்பிடிப்பது. அடிக்கடி விட்டுப்போகும் இன்னொன்று அம்மீட்டர் செலக்டர் சுவிட்ச். ஆர், ஒய், பி என்று திருப்பிப் பார்ப்போமே, அது. அந்த சுவிட்ச் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது முதலில் ஷார்ட் செய்து, பிறகுதான் பழைய இணைப்பை விட வேண்டும். தேய்ந்த சுவிட்ச்சில் நடுவில் ஒரு கணம் ஓப்பன் ஆகும். திருப்பும்போது உள்ளே நீலப்பொறி தெரிந்தால் சுவிட்சை மாற்றுங்கள். சி.டி. வேலைக்கென்றே செய்த செலக்டர் சுவிட்சை வாங்குங்கள், வோல்ட்மீட்டர் சுவிட்ச் விலை மலிவு என்று அதைப் போட வேண்டாம்.

ஓப்பன் என்று சந்தேகம் வந்தால் அந்த வயரைத் தொடாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது ஷார்ட் செய்யவும் முயல வேண்டாம். முதலில் லோடை இறக்கி லைனை ஆஃப் செய்யுங்கள். பிரைமரியில் கரண்ட் இல்லையென்றால் செகண்டரியிலும் ஒன்றும் இல்லை. வாட்டிக்கொண்டிருக்கும் இலை கெட்டுவிடும் என்று மேனேஜர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

ஒருமுறை ஓப்பனில் ஓடிய சி.டி.யை அப்படியே திரும்ப மாட்டிவிடக் கூடாது. இன்சுலேஷன் அடிபட்டிருக்கலாம். கோரில் மிச்சக் காந்தம் தங்கி அளவு பிசகவும் செய்யும். டெஸ்ட் செய்து, டீமேக்னடைஸ் செய்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

லைன் ஓடும்போதே மீட்டரைக் கழற்ற வேண்டியிருந்தால்?

நிறுத்திவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் என் பதில். நிறுத்தவே முடியாத இடங்களுக்காகத்தான் டெஸ்ட் டெர்மினல் பிளாக் என்று ஒன்று வைக்கிறார்கள். அதில் சி.டி. பக்கம் ஷார்ட்டிங் லிங்க் இருக்கும். முதலில் அதைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். பிறகு டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் கருவி) மாட்டி, கரண்ட் லிங்க் வழியாகப் போகிறதா, மீட்டருக்குப் போகும் வயரில் பூஜ்யம் ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்று பேஸுக்கும் தனித்தனியாக. அதன் பிறகே மீட்டர் பக்கத்து வயரைத் தொடலாம். புது மீட்டர் மாட்டியதும் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு, கடைசியாகத்தான் லிங்க்கை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் ஆபத்தில்லை, மீட்டர் ஓடாது, அவ்வளவுதான். ஆனால் பில்லில் அது பெரிய தலைவலி.

ஷார்ட் செய்ய முதலைக்கிளிப் வயர், மெல்லிய ஃபியூஸ் கம்பி இதெல்லாம் வேண்டாம். வழுக்கிக் கழன்றால் நீங்கள் தவிர்க்க நினைத்ததே நடக்கும்.

செகண்டரியில் ஒரு ஃபியூஸ் போட்டால் பாதுகாப்புதானே?

கூடவே கூடாது. ஃபியூஸ் போனால் அதுவே ஓப்பன் சர்க்யூட். வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பி.டி.யின் (பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மர்) செகண்டரிக்கு ஃபியூஸ் உண்டு, சி.டி.க்கு இல்லை.

ஸ்பேர் சி.டி., பயன்படுத்தாத டேப்பிங் (செகண்டரிச் சுற்றிலிருந்து எடுத்த கூடுதல் முனை) எல்லாவற்றையும் ஷார்ட் செய்துவிடலாமா?

இங்கேதான் விஷயம் தெரிந்தவர்களே குழம்புகிறார்கள். தனி கோர் உள்ள ஸ்பேர் சி.டி. என்றால் கட்டாயம் ஷார்ட் செய்ய வேண்டும். ஆனால் 200-100/5 என்று ஒரே சி.டி.யில் இரண்டு ரேஷியோ இருந்து, எஸ்1, எஸ்2, எஸ்3 என்று மூன்று முனைகள் வந்தால் கதை வேறு. எஸ்1க்கும் எஸ்2க்கும் நடுவில் மீட்டர் இருக்கும்போது எஸ்3 சும்மா ஓப்பனாகத்தான் இருக்க வேண்டும். எஸ்2-எஸ்3ஐ ஷார்ட் செய்தால் அதே கோரில் இன்னொரு சுற்று கரண்ட்டைத் தின்னும், மீட்டர் குறைத்துக் காட்டும். கோர் ஒன்றா இரண்டா என்று முதலில் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

செகண்டரியை ஏன் எர்த் செய்ய வேண்டும்?

பிரைமரி இன்சுலேஷன் என்றைக்காவது பழுதானால் ஹெச்டி வோல்டேஜ் நேராக மீட்டர் பெட்டிக்கு வந்துவிடும். எர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போகும், பாதுகாப்பு இயங்கி லைன் ட்ரிப் ஆகும். பழுது இல்லாவிட்டாலும் எர்த் இல்லாத செகண்டரியில் பக்கத்து ஹெச்டி கண்டக்டரின் கெப்பாசிட்டன்ஸால் வோல்டேஜ் ஏறி நிற்கும். ஒரு சர்க்யூட்டுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் எர்த் செய்ய வேண்டும். இரண்டு இடத்தில் செய்தால் கரண்ட் எர்த் வழியாகச் சுற்றி அளவைக் கெடுக்கும், ரிலேயை வீணாகத் தட்டிவிடும்.

எங்களுக்கு என்ன ரேஷியோ வாங்குவது? பெரிதாகப் போட்டால் பின்னால் உதவும் அல்லவா?

உதவாது. 100 கேவிஏ (கிலோ வோல்ட்-ஆம்பியர்) லோடு, 415 வோல்ட் என்றால் முழு கரண்ட் சுமார் 139 ஆம்பியர். இதற்கு 150/5 அல்லது 200/5 சரி. "நாளைக்கு இன்னொரு சிடிசி லைன் போடுவோம்" என்று 600/5 மாட்டினால், பனிக்காலத்தில் இலை வரத்து குறைந்து லைட்டும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடும் ராத்திரியில் சி.டி. தன் அளவில் இரண்டு மூன்று சதவீதத்தில்தான் வேலை செய்யும். அந்த அடிமட்டத்தில்தான் பிழை அதிகம்.

பெருக்கல் காரணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 200/5 என்றால் 40. மீட்டர் செகண்டரி அளவைக் காட்டினால் அதை 40ஆல் பெருக்க வேண்டும். சில மீட்டர்களில் ரேஷியோ உள்ளேயே பதிவாகியிருக்கும், அவை பெருக்கிய அளவையே காட்டும். இரண்டாவது வகையில் மறுபடி பெருக்கிவிட்டு "பில் தப்பு" என்று சண்டைக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மீட்டரின் பெயர்ப்பலகையையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

கேரட் கழுவும் மோட்டார் 20 ஆம்பியர்தான் எடுக்கிறது. கையில் 100/5 இருக்கிறது. வயரை இரண்டு தடவை விடலாமா?

வளைய சி.டி.யில் தாராளமாக விடலாம். வயர் துளைக்குள் இரண்டு முறை போனால் 100/5 என்பது 50/5 ஆகிவிடும், நான்கு முறை போனால் 25/5. துளைக்குள் எத்தனை தடவை போகிறது என்பதை எண்ணுங்கள், வெளியே தெரியும் வளைவை எண்ணாதீர்கள். எல்லாச் சுற்றும் ஒரே திசையில் போக வேண்டும். முக்கியமாக, பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். அடுத்து வருகிறவர் சி.டி.யின் மேல் 100/5 என்று பார்த்துவிட்டு ரிலேயை அதற்கேற்ப செட் செய்தால் மோட்டார் முழு லோடை எட்டும் முன்பே ரிலே வீணாக ட்ரிப் ஆகும்.

5 ஆம்பியர் நல்லதா, 1 ஆம்பியர் நல்லதா? பர்டன் என்று வேறு எழுதியிருக்கிறதே?

பர்டன் என்பது செகண்டரியில் சி.டி. சுமக்க வேண்டிய சுமை, விஏ கணக்கில். மீட்டர் எடுப்பது கொஞ்சம்தான், மிச்சத்தை வயர்தான் தின்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். பேனலுக்குள்ளேயே மீட்டர் இருந்து வயர் போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் 0.044 ஓம். கரண்ட்டின் வர்க்கத்தால் பெருக்கினால், 5 ஆம்பியரில் 1.1 விஏ. கவலை இல்லை, 5 விஏ சி.டி. போதும்.

ஸ்விட்ச்யார்டில் சி.டி., 100 மீட்டர் தள்ளிக் கண்ட்ரோல் ரூம் என்று வையுங்கள். போக வர 200 மீட்டர், 1.48 ஓம். 5 ஆம்பியரில் வயர் மட்டுமே 37 விஏ. அதே வயரில் 1 ஆம்பியர் என்றால் ஒன்றரை விஏ. 1932இல் தொடங்கிய பைக்காரா முதல் குந்தா வரை இந்த மலையின் நீர்மின் நிலையங்களை வெளியிலிருந்து பார்த்தாலே யார்டு எவ்வளவு பரந்தது என்று புரியும். அப்படிப்பட்ட தூரங்களுக்கு 1 ஆம்பியர்தான் கட்டுப்படி ஆகும். தொழிற்சாலைப் பேனலுக்கு 5 ஆம்பியரே போதும்.

பர்டனுக்கு மேல் சுமை ஏற்றினால் சி.டி. வெடிக்காது, ஆனால் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். ரிலே சி.டி. என்றால், ஷார்ட் வரும் நேரத்தில் சீக்கிரம் சாச்சுரேட் ஆகி ரிலேயை ஏமாற்றும்.

0.5, 0.5எஸ், 5பி10 என்பதெல்லாம் என்ன?

முதல் இரண்டும் மீட்டருக்கு, மூன்றாவது ரிலேக்கு. வகுப்பு 0.5 என்றால் முழு கரண்ட்டில் பிழை அரை சதவீதத்துக்குள், 20 சதவீத லோடில் 0.75, 5 சதவீத லோடில் 1.5. அதற்குக் கீழே எந்த உத்தரவாதமும் கிடையாது. எஸ் சேர்ந்த 0.5எஸ் வகுப்பில் 20 சதவீதத்திலிருந்தே அரை சதவீதம், 1 சதவீத லோடில்கூட 1.5க்குள். சீசனுக்குச் சீசன் லோடு இப்படி ஏறி இறங்கும் தேயிலைத் தொழிலுக்கு என்னைக் கேட்டால் 0.5எஸ்தான். மத்திய மின்சார ஆணையத்தின் 2006ஆம் ஆண்டு மீட்டர் விதிகளும் 650 வோல்ட்டுக்கு மேல் 33 கிலோவோல்ட் வரையிலான நுகர்வோர் மீட்டருக்கு 0.5எஸ் அல்லது அதைவிட நல்ல வகுப்பைக் கேட்கின்றன.

5பி10 என்றால், குறித்த கரண்ட்டைப் போல 10 மடங்கு ஓடினாலும் மொத்தப் பிழை 5 சதவீதத்துக்குள் நிற்கும். மீட்டர் சி.டி. இதற்கு நேர் எதிர். ஷார்ட் வந்தால் அது சீக்கிரம் சாச்சுரேட் ஆக வேண்டும், அப்போதுதான் மீட்டர் தப்பிக்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. இந்தியத் தரம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு: பழைய பெயர்ப்பலகைகளில் ஐஎஸ் 2705 என்றும், புதியவற்றில் ஐஎஸ் 16227 என்றும் இருக்கும்.

பி1, பி2 திசை மாறினால் என்ன? கரண்ட் கரண்ட்தானே?

அம்மீட்டருக்குக் கவலையில்லை. எனர்ஜி மீட்டருக்கு உயிர்ப்பிரச்சினை. பி1 சப்ளை வரும் பக்கம், பி2 லோடு பக்கம். எஸ்1, எஸ்2 மீட்டரின் அதே முனைகளுக்குப் போக வேண்டும்.

மூன்று பேஸும் சமமாக ஓடுகின்றன என்று வையுங்கள். ஒரு சி.டி. தலைகீழாக இருந்தால் ஒன்றும் ஒன்றும் கூடி, ஒன்று கழிந்து, மூன்றுக்கு ஒன்றுதான் பதிவாகும். ஒரு சி.டி. வேலையே செய்யாவிட்டால் மூன்றுக்கு இரண்டு. ஆர் பேஸ் சி.டி. ஒய்யிலும், ஒய்யின் சி.டி. ஆரிலும் மாறி இணைந்துவிட்டால் சமமான லோடில் கூட்டிக் கழித்துப் பூஜ்யமே வரும்! தலைகீழ் கரண்ட்டையும் கூட்டியே எழுதும் மீட்டர்களும் உண்டு, அவற்றில் கணக்கு வேறு. எப்படியும், குறைவாக வந்த பில்லைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். கண்டுபிடிக்கும் நாளில் பழைய பாக்கி மொத்தமாக வந்து நிற்கும்.

எங்கள் ஹெச்டி சி.டி.யில் 15/5 என்று போட்டிருக்கிறது. இவ்வளவு சின்னதா?

சரியாகத்தான் இருக்கிறது. 250 கேவிஏயை 11 கிலோவோல்ட்டில் எடுத்தால் 13 ஆம்பியர்தான். 22 கிலோவோல்ட் என்றால் அதிலும் பாதி. கூடவே இருக்கும் பி.டி. 11000/110 என்றால் 100 மடங்கு, சி.டி. 3 மடங்கு, ஆக மொத்தப் பெருக்கல் காரணி 300.

அந்தப் பெட்டி ஈபியின் சீல் போட்டது. சத்தம் வந்தாலும், எண்ணெய் கசிந்தாலும், நீங்கள் செய்ய வேண்டியது செக்ஷன் ஆபீஸுக்கு எழுத்தில் தகவல் கொடுப்பது மட்டும்தான். சீலை உடைத்து "சரி செய்தாலும்" மீட்டரைத் திருத்தியதாகவே பார்ப்பார்கள். மின்சாரச் சட்டம் 2003இன் 135ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

மலையில் இருப்பதால் ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு, இரண்டு.

முதலாவது உயரம். தர அளவுகள் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் வரை என்று வைத்துத்தான் எழுதப்பட்டவை. ஊட்டி 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி குறைந்தால் காற்று தாங்கும் வோல்டேஜும் குறையும். தரத்தில் உள்ள சூத்திரப்படி, ஊட்டி உயரத்துக்கு வெளி இன்சுலேஷனில் சுமார் 16 சதவீதம் கூடுதல் தாங்குதிறன் வேண்டும், 1,850 மீட்டர் அளவிலுள்ள குன்னூருக்குச் சுமார் 11 சதவீதம். 415 வோல்ட் பேனலில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வெளியில் நிற்கும் 11, 22 கிலோவோல்ட் சி.டி.க்கு ஆர்டர் போடும்போது "நிறுவும் உயரம்" என்ற வரியைக் காலியாக விடாதீர்கள். கோயம்புத்தூரில் வேலை செய்யும் அதே மாடல் இங்கே மழை ராத்திரியில் பொறி தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரெசினுக்கு உள்ளே இருக்கும் இன்சுலேஷனை உயரம் ஒன்றும் செய்யாது. மெல்லிய காற்றில் சூடு ஆறுவது குறைவுதான், ஆனால் நம் ஊர்க் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது.

இரண்டாவது ஈரம். இதுதான் அன்றாடப் பகை. கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு, நடுவில் எல்லா நாளும் பனிமூட்டம். பகலில் ஓடிச் சூடான பேனல் ராத்திரி ஆறும்போது உள்பக்கமெல்லாம் நீர்த்துளி கட்டும். அதோடு தேயிலைத் தூசி வேறு. தூசி ஈரத்தை உறிஞ்சி சி.டி. டெர்மினலில் ஒரு பசை மாதிரி படிந்துவிடும், பிறகு அதன் மேலேயே கரண்ட் ஊர்ந்து கரிக்கோடு போடும். காலையில் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்தால் மதிப்பு படுத்துக் கிடப்பதும், மதியம் பார்த்தால் எழுந்து நிற்பதும் இதனால்தான். பேனலுக்குள் தெர்மோஸ்டாட் வைத்த ஒரு சின்ன ஹீட்டர், கேபிள் நுழையும் துளைகளுக்குச் சரியான கிளாண்டு, மாதம் ஒருமுறை லைனை நிறுத்தி வாக்குவம் கிளீனரால் தூசி எடுப்பது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்கிற தொழிற்சாலையில் சி.டி. எரிந்து நான் பார்த்ததில்லை. காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள், அது இன்னும் உள்ளேதான் போகும்.

டாங் டெஸ்டரும் சி.டி.தானா?

ஆமாம், திறந்து மூடும் கோர் உள்ள சி.டி. ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளைக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். தாடை சரியாக மூடாமல் நடுவில் தூசி இருந்தாலும் குறைத்துக் காட்டும். டிசிக்கு இது உதவாது, அதற்கு ஹால் சென்சார் உள்ள மாடல் வேண்டும். சோலார் இன்வெர்ட்டரோடு வரும் சின்ன கிளிப் சி.டி.களும் இதே இனம், மேலே உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள்.

வீட்டில் சி.டி. எங்கேயாவது இருக்கிறதா?

ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தட்டிவிடும் பிரேக்கர்) இருந்தால் இருக்கிறது. பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே வளையத்துக்குள் போகும். போன கரண்ட்டும் வந்த கரண்ட்டும் சமம் என்றால் வளையத்தில் ஒன்றும் இல்லை. கீசர் வழியாக யார் உடம்பிலாவது கொஞ்சம் கசிந்தால், அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் தட்டிவிடும். வீட்டுக்கு வீடு கீசர் ஓடும் ஊரில் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

மூடிய தொழிற்சாலையின் பழைய சி.டி.கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

அம்மீட்டருக்கு என்றால் டெஸ்ட் செய்துவிட்டு வாங்கலாம். பில் போடும் மீட்டருக்கு வேண்டாம், ஈபி சோதித்து ஏற்றதை மட்டும்தான் மாட்ட முடியும்.

பெயர்ப்பலகை படிக்க முடியவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். படிக்க முடிந்தால், முதலில் ரெசினில் கீறல், கருகல் இருக்கிறதா பாருங்கள். 500 வோல்ட் மெகரில் செகண்டரிக்கும் வெளிக்கும் நடுவில் இன்சுலேஷன். பிறகு போலாரிட்டி: ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை பி1 பக்கமும் மைனஸை பி2 பக்கமும் வைத்து, எஸ்1இல் பிளஸ் இருக்கும்படி முள் உள்ள மில்லி அம்மீட்டரை இணைத்து, பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். தொடும்போது முள் முன்பக்கம் துள்ள வேண்டும். வளைய சி.டி.க்குத் துளைக்குள் வயரைப் பல சுற்று விட்டால்தான் முள் நன்றாகத் துள்ளும். கடைசியாக ரேஷியோ: தெரிந்த ஒரு லோடை ஓடவிட்டு, பிரைமரியில் ஒரு டாங் டெஸ்டர், செகண்டரியில் அம்மீட்டர். செகண்டரியை இணைத்து, ஸ்க்ரூவை இறுக்கிய பிறகுதான் லோடை ஆன் செய்ய வேண்டும்.